ஐதர் காலம்

வீட்டுப் பரணில் நசுங்கிய பித்தளைக் குடமோ, கால் ஆடும் நாற்காலியோ அகப்பட்டால், "இது ஐதர் அலி காலத்துச் சாமான்!" என்று பெரியவர்கள் கேலி செய்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். சொல்பவரும் சிரிப்பார், கேட்பவரும் சிரிப்பார். ஆனால் இருநூறு ஆண்டுகளுக்கு முன் தஞ்சைச் சீமையில் அந்தப் பெயரைச் சொன்னால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். சோற்றுக்குப் பேர்போன இந்தக் காவிரி நாட்டில், கோட்டைத் தெருக்களில் மக்கள் பசியால் விழுந்து மடிந்த காலம் அது.

பஞ்சம் என்றதும் மழை பொய்த்திருக்கும் என்றுதான் நமக்குத் தோன்றும். 1781ஆம் ஆண்டுப் பஞ்சத்துக்கு முதற்காரணம் வானமன்று. அதைப் புரிந்துகொள்ளப் பத்து ஆண்டுகள் பின்னே போக வேண்டும்.

அப்போது தஞ்சையை ஆண்டவர் மராத்திய மன்னர் துளஜாஜி. தஞ்சை தமக்குக் கப்பம் கட்ட வேண்டிய நாடு என்பது ஆற்காடு நவாப் முகம்மது அலியின் வாதம். கும்பினியாரின் படைத்துணையோடு அவர் 1771இல் கோட்டையை முற்றுகையிட்டுப் பெருந்தொகை கேட்டார். மன்னர் இசைந்தார், ஆனால் அதனோடு தொல்லை தீரவில்லை. 1773 செப்டம்பரில் கோட்டையே பிடிபட்டு, மன்னர் சிறைப்பட்டார். மூன்று அறுவடைகளின் வருமானம் நவாபின் கைக்குப் போயிற்று. பிறகு இலண்டனிலிருந்த கும்பினி மேலிடம் இது தவறு என்று முடிவு செய்ய, சென்னைக் கவர்னர் பிகட் பிரபு 1776இல் துளஜாஜிக்கு நாட்டைத் திரும்ப அளித்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் அந்தக் கவர்னரையே அவருடைய ஆலோசனைச் சபையார் கைது செய்தார்கள். அடுத்த ஆண்டு அவர் காவலிலேயே இறந்தார்! நவாபுக்குக் கடன் கொடுத்திருந்த வெள்ளைக்காரர்கள் பலருக்குத் தஞ்சையின் நெல்தான் வட்டியும் முதலும். அது கைவிட்டுப் போவதை அவர்கள் பொறுப்பார்களா?

இப்படிக் கறந்த மாட்டையே கறந்து கறந்து ஓய்ந்திருந்த வேளையில்தான் மைசூர் ஐதர் அலியின் குதிரைப்படை வந்தது. 1780இல் கர்நாடகப் பகுதியில் இறங்கிய அப்படை 1781இல் தஞ்சைச் சீமையில் புகுந்தது. ஊர்கள் எரிந்தன. ஆடு மாடுகளும், ஆயிரக்கணக்கான சிறுவர் சிறுமியரும் மைசூருக்கு ஓட்டிச் செல்லப்பட்டனர். பழியை ஐதர் ஒருவர் மீதே போடுவது நியாயமாகாது. அவருக்கு முன்னேயே களஞ்சியங்களைக் காலி செய்தவர்கள் இருந்தார்கள். ஆயினும் மக்கள் வாயில் நின்றுவிட்ட பெயர் அவருடையதே.

படை போன பிறகாவது ஆறு இருக்கிறதே, விதைத்தால் விளையாதா? ஆற்று நீர் தானாக வயலுக்கு வந்து சேர்வதில்லை, மாணவிகளே. காவிரி பிரிந்து பிரிந்து, வெண்ணாறாகவும் வெட்டாறாகவும், பின் வாய்க்கால்களாகவும் வயலுக்கு வருகிறது. கோடையில் ஆற்றில் மணல் தெரியும்போது வாய்க்காலைத் தூர் வார வேண்டும். உடைந்த கரைக்கு மண் அணைக்க வேண்டும். குடிமராமத்து என்று இதற்குப் பெயர். அந்த மண்ணைத் தலையில் சுமந்தவர்கள் பெரும்பாலும் தமக்கென ஒரு குழி நிலமும் இல்லாத பண்ணையாட்கள் என்பதை நம் பாடநூல்கள் அதிகம் சொல்வதில்லை. ஆள் ஓடிவிட்டால் தூர் இல்லை. மாடு போய்விட்டால் உழவு இல்லை. விதைநெல்லைத் தின்றுவிட்டால் அடுத்த ஆண்டும் இல்லை. கல்லணை அப்படியே இருந்தும் பயனில்லாமற் போனது இதனால்தான்.

கோட்டைக்குள் அடைக்கலம் புகுந்தவர்கள் பசியால் வாடியபோது நடந்த ஒரு செய்தி கேட்கத்தக்கது. கிராமங்களில் ஓரளவு நெல் இருந்தது. ஆனால் எவரும் கொண்டுவரவில்லை. முன்பு கொண்டுவந்தவர்களுக்குப் பணம் தராமல், வண்டி மாடுகளையும் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அரசர் சொல்லையும் நம்பவில்லை, கும்பினியார் சொல்லையும் நம்பவில்லை. நம் இருவர் வாக்குக்கும் மதிப்புப் போய்விட்டது, அந்தப் பாதிரியார் சொன்னால் கேட்கிறார்களா பார்ப்போம் என்று மன்னரே சொன்னாராம்.

அந்தப் பாதிரியார்தான் சுவார்ட்ஸ் ஐயர். 1750இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானியர். அவர் நம் திருச்சபையினர் அல்லர், லுத்தரன் சபைக் குரு. போர் வரும் என்று முன்பே உணர்ந்து, விலை மலிவாக இருந்தபோதே அரிசி வாங்கிச் சேமித்து, ஏழைகளுக்கு உணவளித்து வந்தவர். விலையைத் தாமே கொடுப்பதாக அவர் ஊர்களுக்கு எழுதினார். ஓரிரு நாளில் ஆயிரம் மாடுகள் வந்தன. சிறிது காலத்தில் 80,000 கலம் நெல் கோட்டைக்கு வந்து சேர்ந்தது. கலம் என்பது 12 மரக்கால். கோட்டை பிழைத்தது. அவரும் சொன்னபடி விலையைக் கொடுத்தார்.

1784இல் போர் ஓய்ந்தும் துன்பம் ஓயவில்லை. அதிகாரிகள் விளைச்சலை அளவின்றிப் பிடுங்கியதால் சுமார் 65,000 பேர் ஊரைவிட்டு வெளியேறிவிட்டனர். அரசாங்கம் அழைத்தும் வரவில்லை. மறுபடியும் சுவார்ட்ஸ் ஐயர் வாக்குக் கொடுத்தார். ஒரே நாளில் 7,000 பேர் திரும்பினார்கள். விதைக்கும் பருவம் ஏறக்குறைய கடந்துவிட்டிருந்தது. நாற்று வேர் பிடிக்குமுன் ஐப்பசி மழை வந்தால் பயிர் மூழ்கிவிடும் என்பது நமக்குத் தெரிந்ததே. இரவு பகலாய் உழைக்கிறோம் என்று சொல்லி அவர்கள் வயலில் இறங்கினார்கள்.

நாட்டு உரிமையோ தஞ்சைக்கு நிலைக்கவில்லை. 1799 உடன்படிக்கையால் சரபோஜி மன்னருக்குக் கோட்டையும் அதன் சுற்றுப்புறமுமே மிஞ்சின. 1855இல் அதுவும் போயிற்று.

இனி இயற்கையின் சீற்றத்துக்கு வருவோம். அதுவும் நம்மை விட்டுவைக்கவில்லை. 1924 ஜூலையில் காவிரியும் கொள்ளிடமும் கரைபுரண்டன. அதற்கு அடுத்த ஆண்டு தொடங்கிய மேட்டூர் அணை 1934இல் முடிந்தது. புயல்களோ சொல்லிவைத்தாற்போல் சம்பாப் பயிர் நிற்கும் நவம்பரிலேயே வருகின்றன: 1952இல் ஒன்று, 1977 நவம்பர் 12 அதிகாலையில் நாகைக்குத் தெற்கே ஒன்று, 2018 நவம்பர் 16இல் கஜா. 1977 புயலில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கஜாவில் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. நெல் போனால் அடுத்த பட்டம் உண்டு. தென்னை காய்க்கவோ ஆண்டுகள் ஆகும்.

2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. ஆழிப்பேரலையில் நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். வேளாங்கண்ணிக்கு வந்திருந்த திருப்பயணிகள் பலரும் அதில் அடக்கம். கடலோர வயல்களில் உப்புநீர் புகுந்து, கரிய சேறு படிந்தது. இனி அங்கே நெல் விளையுமா என்று பலர் ஐயுற்றனர். உழவர்கள் சேற்றை வழித்தெடுத்தார்கள், ஜிப்சம் இட்டார்கள், மழைநீரைத் தேக்கி உப்பைக் கழுவினார்கள். சில பருவங்களிலேயே பல வயல்கள் மீண்டும் பச்சையாயின. 1781இலும் மண்ணும் ஆறும் இருந்தன. ஆனால் சேற்றை வழிக்க ஊரில் ஆள் இல்லை, மீதியிருந்தவர்களுக்கு ஆட்சியின் மீது நம்பிக்கையும் இல்லை.

சிவகங்கைப் பூங்காவை ஒட்டிய சுவார்ட்ஸ் ஆலயத்தில், மரணப் படுக்கையில் கிடக்கும் அந்தக் குருவைச் சரபோஜி வந்து காணும் காட்சியைப் பளிங்கில் செதுக்கியிருக்கிறார்கள். இங்கிலாந்துச் சிற்பி பிளாக்ஸ்மேன் செய்தது. தஞ்சைக்குப் போனால் பெரிய கோயிலோடு திரும்பிவிடாமல் அதையும் பார்த்து வாருங்கள். 1977 புயல் இரவைக் கண்ணால் கண்டவர்கள் உங்கள் வீட்டிலேயே இருப்பார்கள். பாட்டியிடம் கேட்டு எழுதி வையுங்கள்.