செம்பரம்பாக்கத்தை திறக்காமலே அடையாற்றில் வெள்ளம் வருமா?

சென்னை,
மழை வலுத்தால் சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் கரையோர மக்கள் கேட்கும் முதல் கேள்வி: "செம்பரம்பாக்கத்த தொறந்துட்டாங்களா?"

"இன்னும் இல்ல" என்று பதில் வந்தாலும் அசந்து தூங்கிவிட முடியாது. அடையாறு செம்பரம்பாக்கத்தில் பிறக்கும் ஆறு அல்ல!

எங்கே பிறக்கிறது?

தாம்பரத்துக்கு மேற்கே ஆதனூர், மணிமங்கலம் பகுதி ஏரிகளின் உபரி நீர்தான் அடையாறாக கிளம்புகிறது. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கத்து மழைநீரும் இதில் சேர்கிறது. அதன் பிறகுதான், திருநீர்மலை அருகே செம்பரம்பாக்கம் தண்ணீர் வந்து கலக்கிறது.

அங்கிருந்து அனகாபுத்தூர், மணப்பாக்கம், நந்தம்பாக்கம், ஈக்காட்டுத்தாங்கல், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வழியாக ஓடி, பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்துக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவே கடலில் சேர்கிறது. மொத்த நீளம் சுமார் 42 கிலோ மீட்டர்.

பூட்ட முடியாத தண்ணீர்

செம்பரம்பாக்கம் ஏரிக்கு மதகு உண்டு. 24 அடி உயரம், 3,645 மில்லியன் கன அடி வரை தேக்கி, தேவைப்படும்போது திறக்கலாம். சிறிய ஏரிகள் பலவற்றில் கலங்கல் மட்டும்தான். ஏரி நிரம்பினால் தண்ணீர் தானாக வழிந்து ஆற்றுக்கு வந்துவிடும். யாரும் திறக்கவும் வேண்டாம், மூடவும் முடியாது.

2015-ல் நடந்தது

2015 டிசம்பர் 1-ந்தேதி இரவு இரண்டு தண்ணீரும் ஒன்றாக வந்தன. செம்பரம்பாக்கத்தில் மட்டும் வினாடிக்கு சுமார் 29 ஆயிரம் கன அடி திறக்கப்பட்டது. ஒரு கன அடி என்பது சுமார் 28 லிட்டர். அதாவது வினாடிக்கு 8 லட்சம் லிட்டருக்கு மேல்! தாம்பரம் பக்கத்து வெள்ளமும் சேர்ந்துகொள்ள, கரையோர வீடுகள் மூழ்கின.

வாயை அடைக்கும் மணல்

கடைசி சிக்கல் முகத்துவாரத்தில். ஆற்றில் ஓட்டம் குறைந்த மாதங்களில், கடல் அலை மணலை தள்ளி திட்டாக்கிவிடும். மழைக்கு முன்பே அதை அள்ளாவிட்டால் வெள்ளம் வடிய நேரமாகும். கடல் மட்டம் உயரும் நேரமாக இருந்தால் இன்னும் தாமதம்.

ஆகவே இனிமேல் மழைக்காலத்தில் செம்பரம்பாக்கம் நிலவரத்தோடு, "தாம்பரத்துல எவ்ளோ மழை?" என்றும் கேட்டுக்கொள்வது நல்லது. அங்கே கொட்டித் தீர்த்தால், இங்கே மழை விட்டிருந்தாலும் ரேஷன் கார்டு, பட்டா, பிள்ளைகளின் சர்டிபிகேட்டை மேலே எடுத்து வையுங்கள்.