மாரடைப்பும் இருதயத் தசையும்

மாரடைப்பு என்றதும் இருதயம் ஒரே கணத்தில் நின்றுவிடுவதாகவே நம்மிற் பலர் எண்ணுகின்றோம். பெரும்பாலும் நிகழ்வது அதுவன்று. இருதயத் தசைக்குக் குருதி கொண்டுசெல்லும் முடியுரு நாடிகளுள் ஒன்றைக் குருதிக்கட்டி அடைத்துக்கொள்கின்றது. அந்நாடியை நம்பியிருந்த தசைப்பகுதி ஒட்சிசன் இன்றித் தவிக்கின்றது. தவிக்கும் தசை உடனே இறப்பதில்லை. சிறிது சிறிதாகவே இறக்கின்றது. அவ்விடைவேளையில் அதனைக் காக்க இயலுமா என்பதே விஞ்ஞானிகள் அரை நூற்றாண்டுக்கு மேலாக ஆராய்ந்துவரும் வினா.

இறந்த தசை மீண்டும் வளர்ந்து ஈடுசெய்வதில்லை. அவ்விடத்தில் வடுவே உண்டாகும். வடுவோ சுருங்கி விரிந்து குருதியைத் தள்ளாது. வடு பெரிதாயின், உயிர் தப்பியவரும் சில படிகள் ஏறுமுன்னரே மூச்சு வாங்கி நிற்க நேரிடும்.

1971ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பீற்றர் மரோக்கோ, யூஜின் பிரௌன்வால்ட் முதலியோர், அடைப்பு ஏற்பட்டபின் கொடுக்கும் மருந்தாலும் சேதத்தின் அளவு கூடவோ குறையவோ செய்யும் என்பதை நாய்களிற் காட்டினர். இருதயத்தின் வேலையைத் தணித்தால் சேதம் குறைந்தது, வேகப்படுத்தினால் கூடியது. (விலங்குகளை இவ்வாறு பயன்படுத்துதல் முறையா என்பது தனிப்பேச்சுக்குரிய பொருள்.) 1977இல் டியூக் பல்கலைக்கழகத்தின் றெய்மர், ஜெனிங்ஸ் முதலியோர் அச்சேதம் பரவும் விதத்தை அளந்தனர். நாற்பது நிமிட அடைப்பில் இருதயச் சுவரின் தடிப்பில் நூற்றுக்கு 38 பங்கு இறந்தது. மூன்று மணித்தியாலத்தில் 57. ஆறு மணித்தியாலத்தில் 71. சாவு உட்புறத்திலே தொடங்கி, அலைபோல வெளிப்புறம் நோக்கி நகர்ந்தது.

அவர்களே 1986இல், சார்ள்ஸ் மறி என்பாருடன் சேர்ந்து, யாரும் எதிர்பாராத ஒன்றைக் கண்டனர். நாடியை ஐந்து நிமிடம் அடைத்து, ஐந்து நிமிடம் திறந்து, இவ்வாறு நான்கு முறை செய்தபின் நாற்பது நிமிடம் அடைத்தார்கள். சிறு துன்பங்களைச் சேர்த்துக் கொடுத்தமையால் சேதம் மிகும் என்றன்றோ நாம் நினைப்போம்? மாறாக, அது வழக்கமான அளவின் காற்பங்காகக் குறைந்தது. முன்னரே சிறிது பட்டினி பழகிய தசை பெரும்பட்டினியைத் தாங்கிக்கொண்டது. ஆனால் அடைப்பு மூன்று மணித்தியாலம் நீடித்தபோது அந்நன்மை மறைந்துபோயிற்று. சாவைத் தாமதப்படுத்தியதேயன்றி அது தடுத்துவிடவில்லை. இந்தப் பிற்பகுதியை மறந்து முற்பகுதியை மட்டும் கொண்டாடியவர் பலர்.

மாரடைப்பு வருமுன் யாருக்கும் இதனைச் செய்ய இயலாது. ஆகவே வேறு வழி தேடினர். இருதயத்துக்குத் தொலைவிலுள்ள கையின் குருதியோட்டத்தை நிறுத்தி நிறுத்தி விட்டாலும் இருதயம் காக்கப்படலாம் என்ற கருத்து எழுந்தது. இரத்த அழுத்தம் பார்க்கும்போது கையிற் சுற்றும் பட்டி போன்ற ஒன்றே போதும், செலவும் சொற்பம். ஏழை நாடுகளுக்கு இதனினும் ஏற்ற சிகிச்சை உண்டோ? டென்மார்க்கில் நடந்த ஒரு சிறிய ஆய்வு 2010இல் நம்பிக்கை ஊட்டியது. பின்னர் பிரித்தானியா, டென்மார்க், ஸ்பெயின், செர்பியா ஆகிய நாடுகளில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளரிடம் இதனைச் சோதித்தனர். 2019இல் முடிவு வெளிவந்தது. ஓராண்டுக்குள் இருதய நோயால் இறந்தோரும், இருதயத் தளர்ச்சியால் வைத்தியசாலையிற் சேர்ந்தோரும் பட்டி கட்டியவர்களில் நூற்றுக்கு 9.4 பேர்; கட்டாதவர்களில் 8.6 பேர். பயன் இல்லை.

அடைந்த நாடியைத் திறக்கும்போது திரும்பிப் பாயும் குருதியே சிறிது தசையைக் கொல்லும் என்பதும் தெரியவந்தது. அதனைத் தடுக்க, உறுப்பு மாற்றுச் சிகிச்சையிற் கொடுக்கப்படும் சைக்குளோஸ்போரின் என்னும் மருந்தை 2008இல் 58 நோயாளரிடம் சோதித்தபோது பலன் தெரிந்தது. 2015இல் 970 பேரிடம் சோதித்தபோது அது தெரியவில்லை. சோதனைச் சாலையின் விலங்கு பெரும்பாலும் இளமையும் நலமும் உடையது; நோயாளரோ முதியவர், நீரிழிவுக்காரர், பல மருந்து உண்பவர். வேறுபாட்டுக்கு இதுவும் ஒரு காரணம் என்பர். தோல்விகளையும் மறைக்காது வெளியிட்ட அவர்களின் நேர்மையை நான் பெரிதும் மதிக்கின்றேன்.

உறுதியாக நிலைத்தது அடைப்பை விரைந்து நீக்குதலே. இத்தாலியில் 11,806 நோயாளர் பங்குபற்றிய ஆய்வு ஒன்றும் 1986இலேயே வெளிவந்தது. கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் பெற்றவர்களில் 21 நாட்களுக்குள் நூற்றுக்கு 10.7 பேர் இறந்தனர். பெறாதவர்களில் 13 பேர். நோவு தொடங்கி ஒரு மணித்தியாலத்துக்குள் மருந்து பெற்றவர்களிடையே மரணம் ஏறக்குறையப் பாதியாயிற்று. இன்று வசதியுள்ள வைத்தியசாலைகளில் நுண்குழாய் செலுத்தி, பலூனால் நாடியைத் திறக்கின்றனர். அங்கும் மணிக்கூட்டையே பார்க்கின்றனர். நெஞ்சின் நடுவில் அழுத்தும் நோவு, இடக்கைக்கோ தாடைக்கோ பரவுதல், குளிர்ந்த வியர்வை ஆகியவை தோன்றினால், வாயுத்தொல்லை என்று இஞ்சிக் கசாயம் வைத்துக் காத்திருக்கும் நேரத்தில் அந்த அலை நகர்ந்துகொண்டிருக்கும். நம் நாட்டில் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் நோயாளர் காவு வண்டி கட்டணமின்றி வரும்.