பீங்கான் பல் ஏன் விரிகிறது?

முதல் வருஷ பிசிக்ஸ்ல படிச்ச வெப்ப விரிவு பரீட்சையோட முடிஞ்சு போறதில்லைங்க. எரிகிற அரிக்கேன் விளக்குக் கண்ணாடி மேல ஒரு சொட்டுத் தண்ணி பட்டா 'படக்'னு விரியும். பட்ட இடம் மட்டும் சட்டென்று சுருங்குவதே காரணம். பல்லுக்குப் போடும் பீங்கான் 'கேப்'பிலும் இதே சங்கதிதான்.

உள்ளே நிக்கல்-குரோமியம் போன்ற உலோகக் கூடு, மேலே பீங்கான். சுமார் 900 டிகிரி செல்சியஸில் சுட்டு ஒட்ட வைக்கிறார்கள். ஆறும்போது இரண்டும் சுருங்கும். பீங்கான் அமுக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. ஆகவே உலோகம் ஒரு மயிரிழை அதிகமாகச் சுருங்கி, பீங்கானை அமுக்கிப் பிடிக்க வேண்டும். சாதாரணப் பீங்கானோ உலோகத்தைவிட மிகக் குறைவாகச் சுருங்கும். 1962-ல் அமெரிக்காவில் வைன்ஸ்டைன் குழுவினர் காப்புரிமை பெற்ற பீங்கானில், லூசைட் என்ற படிகம் அந்த வித்தியாசத்தைக் குறைத்தது.

விரிசலைத் தடுக்க நாலே விஷயம்: ஒன்றுக்கொன்று பொருந்தும் உலோகம், பீங்கான் ஜோடி, கூர்முனை இல்லாத கூடு, ஒரே சீரான பீங்கான் கனம், சூளை வாசலில் ஈரம் நன்றாக உலர்ந்த பிறகே சுடுவது. எடுத்ததும் ஃபேன் காத்துல வைக்கவே கூடாது.

லேபில் விரிந்தால் நமக்கு மறுவேலை. வாய்க்குள் விரிந்தால், கடன் வாங்கிப் பல் கட்டினவருக்கு நஷ்டம். அஞ்சு நிமிஷம் பொறுப்போமே!