பெரிய கட்டடத்தில் வழி காண்பது எப்படி?

ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் சீவியவர்கள், விடியுமுன்னே நெற்றி விளக்கின் வெளிச்சத்தில், ஒன்றுபோல் நிற்கும் மரங்களுக்கிடையே தத்தம் நிரையைத் தவறாமல் கண்டுகொண்டார்கள். அவர்களே முதிய வயதில் நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போனால், இரத்தம் எடுத்த இடத்திலிருந்து மருந்து வாங்கும் இடத்துக்கு வழி தெரியாமல் தவிக்கிறார்கள். படிப்பின்மையே காரணம் என்பார் சிலர். நான் அதை ஒப்பவில்லை. படித்தவர்களும் அங்கே தவிக்கத்தானே செய்கிறார்கள்!

நம் மூளையில் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதி உண்டு. ஓர் எலி குறித்த இடத்திற்கு வந்ததும் அங்குள்ள ஓர் உயிரணு விழித்தெழுவதை 1971-இல் லண்டனில் ஜான் ஓ'கீஃப் வெளியிட்டார். அதற்கு அண்டைப் பகுதியில், கட்டங் கட்டமாக இடத்தை அளக்கும் உயிரணுக்களை 2005-இல் நார்வேயில் மே-பிரிட் மோசரும் எட்வர்ட் மோசரும் கண்டறிந்தனர். மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று: சோதனைக் கூடத்துச் சுவரில் இருந்த அடையாள அட்டையை வேறு பக்கம் மாற்றியபோது, எலியின் மனப்படமும் அதனுடன் திரும்பியது. ஆக, மனப்படத்துக்கு வெளியே ஒரு பற்றுக்கோடு வேண்டும்.

தோட்டத்தில் மேடும் ஓடையும் பாறையும் அப்பற்றுக்கோடு. ஈப்போ நகரில் சுண்ணாம்புக் குன்றுகளும், 1917-இல் திறக்கப்பட்ட ரயில் நிலையத்தின் வெண்குவிமாடமும் உண்டு. ஆஸ்பத்திரி நடையிலோ சன்னல் இல்லை. எல்லாச் சுவருக்கும் ஒரே வர்ணம். மின்தூக்கி வேறு! அதற்குள் நின்றவன் எத்திசை நோக்கி வெளிவருகிறான் என்பதை அறியான்.

மதுரை மீனாட்சியம்மன் கோயிலைப் பாருங்கள். தூண்களுக்கிடையே திசை மயங்கிய வெளியூர்க்காரர், பொற்றாமரைக் குளத்தருகே வந்ததும் வானத்தையும் கோபுரத்தையும் காண்கிறார். நாற்றிசைக் கோபுரங்களில் தெற்குக் கோபுரமே உயர்ந்தது, சுமார் 170 அடி. வழி காட்டவே அவை எழுந்தன என்று நான் சொல்லவில்லை. ஆயினும் அவை வழி காட்டுகின்றன.

புதிய கட்டடத்துக்கு இக்கணக்குப் பொருந்தாதா? வழி பிரியும் மூலையில் ஒரு சன்னல், தளத்துக்கு ஒரு வர்ணம், எழுத்தறியாதவரும் அறியும் ஒரு படம். பெயர்ப்பலகையும் வழி பிரியுமிடத்திலேயே நிற்க வேண்டும். பத்தடி தாண்டி நிற்பது வீண்.

அதுவரை, பாட்டியை அழைத்துச் செல்லும் பிள்ளைகள் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு முறை பின்னால் திரும்பிப் பார்க்கட்டும். போகும்போது தெரியும் தோற்றம் வேறு, வரும்போது தெரியும் தோற்றம் வேறு.