தெனாலிராமன் பூனையும் நம் வீட்டுப் பூனையும்

தெனாலிராமன் பூனை வளர்த்த கதை உங்களுக்குத் தெரியாமல் இராது. எலித் தொல்லை தீர வேண்டும் என்று ராயர் ஆளுக்கொரு பூனையும், அதற்குப் பால் வார்க்க ஒரு பசுவும் கொடுத்தார். ராமன் முதல் நாளே கொதிக்கக் கொதிக்கப் பாலைக் கிண்ணத்தில் ஊற்றி வைத்தான். நாக்கைச் சுட்டுக்கொண்ட பூனை, அன்று முதல் பால் கிண்ணத்தைக் கண்டாலே நாலு கால் பாய்ச்சலில் ஓடியது. பாலையெல்லாம் ராமனே குடித்தான்.

குறும்புதான். ஆனால், நாக்கைச் சுட்ட பாவத்தை மட்டும் தள்ளிவிட்டுப் பார்த்தால், ராமன் அந்தப் பூனைக்கு நல்லதே செய்தான் என்று இன்றைய மிருக வைத்தியர்கள் சொல்வார்கள்!

ஆச்சரியமாக இருக்கிறதல்லவா? தாய்ப்பால் குடிக்கும் பருவத்தில் பாலிலுள்ள சர்க்கரையை ஜீரணிக்கும் சக்தி பூனைக்குட்டிக்கு நிறைய உண்டு. வளர வளர அது பெரும்பாலான பூனைகளுக்குக் குறைந்துவிடுகிறது. அப்புறம் பால் குடித்தால் வயிற்றுப்போக்குதான். பாற்கடலையே நக்கிக் குடித்துவிட ஆசைப்பட்ட பூனையைக் கம்பர் உவமை சொல்லியிருக்கிறார். ஆசை இருப்பது நிஜம். உடம்புக்கு ஆகுமா என்பது வேறு விஷயம். நமக்கு ஊறுகாய் இல்லையா, அந்த மாதிரி!

பாயசம், கேசரி என்று செல்லம் கொடுப்பவர்களுக்கும் ஒரு செய்தி. பூனைக்கு இனிப்புச் சுவையே தெரியாது. நாக்கில் அதை அறியவேண்டிய பகுதி வேலை செய்வதில்லை என்பதை 2005-ல் அமெரிக்காவில் பிலடெல்ஃபியா நகரத்து மோனெல் ஆராய்ச்சி நிலையத்தார் கண்டுபிடித்தார்கள். நீங்கள் போடும் கேசரியை அது நக்குவது நெய்க்காக இருக்கலாம். சர்க்கரைக்காக அல்ல.

சைவ வீட்டுப் பூனை

எங்கள் வீடு சைவம். எங்கள் பாட்டி காலத்தில் ஓட்டு வீட்டில் வளர்ந்த பூனைகள் தயிர் சாதம் தின்றே கொழுத்தன என்று பாட்டி அடிக்கடி சொல்வாள். பாட்டி சொல்வது பொய்யல்ல. ஆனால் அந்தப் பூனைகள் இராத்திரி என்ன செய்தன என்பதைப் பாட்டி கணக்கில் சேர்க்கவில்லை. எலி, பல்லி, குருவி என்று வெளியே போய் விருந்து சாப்பிட்டு வந்தன. தயிர் சாதம் வெறும் பலகாரம்!

இன்றைக்கு நாலாவது மாடி ஃபிளாட்டில், ஜன்னலுக்கு வலை போட்ட வீட்டில் வளரும் பூனைக்கு எலி எங்கே கிடைக்கும்? நாம் தட்டில் வைப்பதுதான் அதற்கு எல்லாம்.

பூனை மாமிசம் தின்றே தீரவேண்டிய பிராணி. நாய் அப்படியல்ல, சோறும் பருப்பும் கொண்டு ஓரளவு சமாளித்துக்கொள்ளும். மாமிசத்திலும் மீனிலும் உள்ள டாரின் என்ற சத்தை வேண்டிய அளவு தன் உடம்பில் தயாரித்துக்கொள்ளப் பூனையால் முடியாது. அது இல்லாவிட்டால் பூனைக்குக் கண் பார்வை போகும் என்று 1975-ல் தெரியவந்தது. இருதயமே பலவீனப்பட்டுப் போகும் என்பதை 1987-ல் கலிஃபோர்னியாவில் டேவிஸ் நகரத்து மிருக வைத்தியர்கள் காட்டினார்கள். அதன் பிறகுதான் கடையில் விற்கும் பூனை உணவில் அந்தச் சத்தைக் கூடுதலாகச் சேர்க்கலானார்கள்.

ஆகவே, மீன் வாசனை ஆகாத வீட்டார், பூனைக்கென்றே தயாரித்த உணவை வாங்கி, பால்கனியில் ஒரு மூலையில், தனிக் கரண்டி, தனிக் கிண்ணம் வைத்துக்கொள்வதே வழி. எங்கள் வீட்டில் பாட்டியும் நாங்களும் செய்துகொண்ட சமரச ஒப்பந்தம் இதுதான். அதற்கும் மனம் ஒப்பாதவர்கள் பூனைக்குப் பதில் கிளியோ முயலோ பார்க்கலாமே தவிர, பூனையைச் சைவமாக்க முயலக் கூடாது.

அசைவ வீட்டார் மீனையோ கோழியையோ உப்பு, காரம், மசாலா இல்லாமல் வேகவைத்து, முள்ளும் எலும்பும் நீக்கிக் கொடுங்கள். வெந்த எலும்பு சில்லுச் சில்லாக உடைந்து குடலைக் குத்தும். பச்சை மீனையே தினம் போட்டால் ஒரு வைட்டமின் நஷ்டமாகும். வெறும் கறியே தின்று வளரும் குட்டிக்குச் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து எலும்பு வளையும். எனவே பூனை உணவையும் கலந்து கொடுப்பதே நல்லது.

கிட்டு கற்றுக் கொடுத்த பாடம்

எங்கள் பூனையின் பெயர் கிட்டு. மஞ்சள் நிறக் கடுவன். அதற்கு இரண்டு வயது நடந்தபோது, ஒரு சித்திரை மாதத்து வெயில் நாளில், அது மணல் தட்டில் போய் உட்காருவதும், முக்குவதும், ஒன்றும் ஆகாமல் எழுந்து வருவதுமாக இருந்தது. அரைமணிக்கு ஒரு தரம் இதே கதை.

“குழந்தைக்கு வயிறு கட்டிண்டிருக்கு. நாலு சொட்டு விளக்கெண்ணெய் விடு” என்றாள் பாட்டி. படித்த நானும் அதுதான் சரி என்று நினைத்து விட்டேன். மறுநாள் காலை கிட்டு வாந்தி எடுத்தது. கட்டிலுக்கு அடியில் போய்ச் சுருண்டுகொண்டது. வயிற்றில் கை வைத்தால் “மியாவ்” என்று கூட இல்லை, ஒரு முனகல்.

கூடையில் போட்டுக்கொண்டு ஓடினோம். டாக்டர் வயிற்றைத் தொட்டதுமே முகம் மாறிவிட்டார். “மலச்சிக்கல் இல்லையம்மா. மூத்திரம் அடைத்துக்கொண்டிருக்கிறது. பை கல்லு மாதிரி இருக்கிறது. இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் நீங்கள் வெறுங்கூடையோடு திரும்பிப் போயிருப்பீர்கள்” என்றார்.

விஷயம் இதுதான். கடுவன் பூனையின் மூத்திரக் குழாய் மிகவும் குறுகல். பொடிப்பொடியான உப்புத் துகள்களோ, சளி போன்ற கட்டியோ வந்து அடைத்தால், மூத்திரம் பின்னோக்கித் தேங்கி, இரத்தத்தில் விஷம் ஏறி, இரண்டு மூன்று நாளில் உயிரே போய்விடும். கிட்டுவுக்கு மயக்கம் கொடுத்து, மெல்லிய குழாய் செலுத்தி அடைப்பை நீக்கி, சலைன் ஏற்றினார்கள். மூன்று நாள் ஆஸ்பத்திரி வாசம். பிழைத்தது. பாட்டி அந்த மூன்று நாளும் காப்பியைக்கூடச் சரியாகக் குடிக்கவில்லை.

ஆகவே நேயர்களே, கடுவன் பூனை திரும்பத் திரும்ப மணலில் உட்கார்ந்து முக்கினால், கை வைத்தியம் வேண்டாம். அன்றைக்கே, அப்போதே டாக்டர்.

கிட்டுவுக்கு ஏன் வந்தது? தண்ணீர் போதாததும் ஒரு காரணம் என்றார் டாக்டர். பூனையின் முன்னோர்கள் வட ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியா பக்கத்து வறண்ட பிரதேசக் காட்டுப் பூனைகள். தின்னும் இரையிலிருந்தே தண்ணீரைப் பெற்றுக்கொண்டவை. எலியின் எடையில் நூற்றுக்கு எழுபது பங்கு தண்ணீர்தானே! அதனால் தாகம் அவ்வளவாகத் தெரியாது. காய்ந்த உருண்டைத் தீனியிலோ நூற்றுக்குப் பத்துப் பங்குதான் தண்ணீர். அதை மட்டுமே போட்டு வந்தோம் நாங்கள். இப்போது ஈரமான உணவு கொடுக்கிறோம். வீட்டில் மூன்று இடத்தில், தீனித் தட்டுக்குத் தள்ளி, அகலமான கிண்ணத்தில் தண்ணீர் வைக்கிறோம்.

அலமாரியில் இருக்கும் எமன்

பூனைக்குக் காய்ச்சல் என்று நினைத்து, குழந்தைக்குக் கொடுப்பதுபோல் பாரஸெட்டமால் மாத்திரை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஐயோ, வேண்டவே வேண்டாம்! அந்த மருந்தை முறித்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு இல்லை. ஒரே ஒரு மாத்திரை உயிரைக் குடித்துவிடும். பூனையின் இயல்பான உஷ்ணமே சுமார் 100.5 முதல் 102.5 டிகிரி வரை என்பதையும் நினைவில் வையுங்கள். நமக்குக் காய்ச்சல், அதற்கு சௌக்கியம்!

சமையலறையில் வெங்காயமும் பூண்டும் ஆகாது. அவை பூனையின் இரத்தத்திலுள்ள சிவப்பு அணுக்களை அழிப்பவை. வெங்காய சாம்பார் சாதமும், மசாலா அரைத்த மீன் குழம்பும் இதில் அடக்கம். கறுப்புப் பினாயில் போட்டுத் துடைத்த தரை நன்றாகக் காயும்வரை பூனையை விடாதீர்கள். பாதத்தில் பட்டதை நக்கித் தின்றுவிடும். நாய்க்கு உண்ணி போக வாங்கிய மருந்தைப் பூனைக்குத் தடவாதீர்கள். பெர்மெத்ரின் சேர்ந்தது என்றால் வலிப்புக் கண்டுவிடும். கல்யாண வரவேற்புப் பூச்செண்டில் லில்லிப் பூ இருந்தால் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். அதன் மகரந்தமே சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

பூத்தொடுக்கும் நூலையும், தையல் நூலையும் எடுத்து வையுங்கள். பூனையின் நாக்கு அரம் போன்றது. நூல் ஒட்டினால் துப்பத் தெரியாமல் விழுங்கிவிடும். வாயிலோ பின்புறத்திலோ நூல் தொங்கினால் பிடித்து இழுக்காதீர்கள். குடலையே அறுத்துவிடும்.

சொல்லாத நோயைக் கண்டுபிடிப்பது எப்படி?

வலியை மறைப்பதில் பூனைக்கு நிகர் இல்லை. உறுமும் சத்தம் கேட்டால் சந்தோஷம் என்று நினைக்கிறோம். வேதனையிலும் அது அப்படி உறுமும். ஆகையால் பழக்கத்தில் மாறுதல் தெரிந்தால் கவனியுங்கள். மூலையில் ஒளிவது, உடம்பை நக்கிச் சுத்தம் செய்யாமல் விடுவது, வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, வயதான பூனை திடீரென்று அதிகம் தண்ணீர் குடித்து இளைப்பது எல்லாம் நோயின் அறிகுறிகள். ஒரு நாள் முழுவதும் சாப்பிடாவிட்டால் டாக்டரைக் கேளுங்கள். கொழுத்த பூனை சில நாள் பட்டினி கிடந்தால் ஈரலில் கொழுப்பு அடைத்து ஆபத்தாகும்.

மணல் தட்டை விட்டு வேறு இடத்தில் அசிங்கம் செய்தால் அடிக்காதீர்கள். தட்டு சுத்தமாக இல்லை, அல்லது உடம்பு சரியில்லை என்று அது தனக்குத் தெரிந்த விதத்தில் சொல்கிறது. சோபாவைப் பிராண்டினால், ஒரு கட்டையில் சாக்கையோ கயிற்றையோ சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். பிராண்டுவது அதன் பிறவிக் குணம், இடத்தைத்தான் மாற்றலாம்.

குட்டிக்கு ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் முதல் தடுப்பூசி, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தரம் பதினாறு வாரம் வரை. வெறிநோய் ஊசி பன்னிரண்டாவது வாரம் அளவில். ஐந்து மாதம் ஆகும் முன்பே கருத்தடை ஆபரேஷன் செய்துவிடுங்கள். பெட்டைக்குக் கர்ப்ப காலம் சுமார் அறுபத்துமூன்று நாள்தான்; வருஷத்துக்கு எத்தனை குட்டி என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்! தெருப்பூனை கடித்தாலோ பிராண்டினாலோ சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் ஓடும் நீரில் கழுவி, நேரே டாக்டரிடம் போகவேண்டும்.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால் பூனையைத் துரத்தவேண்டிய அவசியமில்லை. மணல் தட்டை மட்டும் வேறொருவர் தினமும் சுத்தம் செய்யட்டும். கருவைப் பாதிக்கக்கூடிய கிருமி பூனையின் மலத்தில் வரலாம். ஆனால் அது தொற்றும் தன்மை பெற ஒரு நாளாவது ஆகும். அதற்குள் அள்ளிவிட்டால் பயம் இல்லை.

கடைசியாக ஒரு சின்ன வித்தை. உங்கள் பூனையைப் பார்த்துக் கண்களை மெள்ளச் சுருக்கி, மெள்ள மூடித் திறந்து பாருங்கள். அதுவும் அப்படியே செய்யும், கிட்டேயும் வரும். இங்கிலாந்தில் ஸஸ்ஸெக்ஸ் சர்வகலாசாலையார் 2020-ல் இதைப் பரீட்சை செய்தே சொல்லியிருக்கிறார்கள்.

“இதுக்கு ஆராய்ச்சி வேறயா?” என்கிறாள் பாட்டி. மத்தியானம் ஊஞ்சலில் சாய்ந்தபடி அவள் கண்ணைச் செருகுகிறாள். எதிரே ஜன்னல் திண்ணையில் கிட்டுவும் கண்ணைச் செருகுகிறது. பூனை கண்ணை மூடினால் உலகம் இருண்டுவிடுமாம். எங்கள் வீட்டில் அப்படி இல்லை. அது கண்ணை மூடுகிறது என்றால், சௌக்கியமாக இருக்கிறது என்று அர்த்தம்.