கிழிஞ்ச தவளைக்கு ஒட்டு வைத்தியம்!

சனிக்கிழமை. ஹாஸ்டல் மெஸ்ஸில் பொங்கல் போடுறதுக்கு முன்னாடியே கிளம்பியாச்சு. கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு கண்மாய்க் கரை. கையில் ராடு, பையில் பாக்கெட் மணியைச் சேர்த்து வாங்கின ரப்பர் தவளை. மூணாவது வீச்சிலேயே 'டொப்'! ஆகாயத்தாமரைக்கு நடுவில் இருந்து பாய்ந்து கவ்வுது ஒரு விரால். ஆசையா இழுத்தா... வந்து சேர்ந்தது மீன் இல்லை, ஒத்தைக் கால் தவளை!

'போச்சுடா மாப்ள'னு அதைத் தண்ணியிலேயே வீசிட்டு, அடுத்த பாக்கெட்டைப் பிரிக்கிற ஆளா நீங்க? கொஞ்சம் பொறுங்க பாஸ். அந்தத் தவளைக்கு இன்னும் ஆயுசு இருக்கு!

ரப்பரே இல்லாத ரப்பர்!

நாம 'ரப்பர் புழு'னு சொன்னாலும், பெரும்பாலும் அது பி.வி.சி. பிளாஸ்டிக்தான். வீட்டுத் தண்ணிக் குழாய்க்கு அண்ணன் தம்பி முறை. குழாய் விறைப்பா இருக்கும். புழுவில் மிருதுவாக்கும் எண்ணெய் நிறைய சேர்க்கிறதால நெளியும், அவ்வளவுதான் வித்தியாசம். 1949-ல் அமெரிக்காவின் ஒஹாயோவில் நிக் க்ரீம் என்பவர் வீட்டு அடுப்படியில் காய்ச்சி ஊத்தின பிளாஸ்டிக் புழுதான் இந்தக் குடும்பத்துக்கே மூத்தவர்!

சூடு பட்டால் உருகும், ஆறினால் இறுகும். இந்த ஒரு குணத்தில்தான் ரிப்பேர் ரகசியமே இருக்கு.

ஒட்டுக் கட்டலாம் வாங்க!

மாமரத்துக்கு ஒட்டுக் கட்டுறதைப் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி பசங்ககிட்ட கேட்டா தூக்கத்தில்கூடச் சொல்வாங்க. இதுவும் கிட்டத்தட்ட அதேதான்.

கிழிஞ்ச துண்டுகளைக் கழுவி, ஈரம் போகத் துடைச்சு, காயவிடுங்க. ஒரு மெல்லிய பிளேடை இடுக்கியில் பிடிச்சுச் சூடாக்கி, ரெண்டு முனைக்கும் நடுவில் வைங்க. ரெண்டு பக்கமும் லேசா உருகினதும் பிளேடை உருவிட்டு, முனைகளைச் சேர்த்து அழுத்துங்க. சில விநாடிகள்... அப்புறம் தண்ணியில் ஒரு முக்கு. வால், கால் மாதிரி ஆட வேண்டிய இடங்களுக்கு இதுதான் பெஸ்ட்.

பெட்டிக் கடை ஃபெவிக்விக்கும் கை கொடுக்கும். ஆனா காய்ஞ்ச இடம் விறைச்சுப் போகும். அதனால தலை, உடம்பு மட்டும். வாலில் போட்டா ஆட்டம் க்ளோஸ்!

உஷார்: சில லூர்கள் பி.வி.சி. இல்லாம வேற ரகப் பிளாஸ்டிக். ரப்பர் பேண்ட் மாதிரி ஏகத்துக்கும் இழுபடும். ரெண்டையும் சேர்த்து ஒட்டவும் முடியாது, ஒரே டப்பாவில் போட்டால் ஒண்ணை ஒண்ணு உருக்கிக் கூழாக்கிடும். வாங்கின பாக்கெட்டிலேயே தனித்தனியா வைக்கிறதுதான் புத்திசாலித்தனம்.

பழசு... ஆனா புதுசு!

* தலைப்பக்கம் முள் குத்திக் குத்திக் கிழிஞ்சிருச்சா? அரை இஞ்ச் வெட்டிட்டு மறுபடி கோர்க்கலாம். குட்டைப் புழுவுக்கும் மீன் வரும்.

* வால் போயிருச்சா? கடைசிப் பகுதியை நீளவாக்கில் கத்தரியால் ரெண்டாப் பிளந்தால், தவளைக் கால் ரெடி.

* புழுவின் ஒரு முனையில் சின்ன ஆணியைச் செருகினால், அந்தப் பக்கம் முதலில் இறங்கும். தரையை மேயுற புழு மாதிரியே நிக்கும்.

* பாசி, ஆகாயத்தாமரை அதிகமா? முள்ளின் நுனியைப் புழு உடம்புக்குள்ளேயே லேசா ஒளிச்சு வைங்க. செடியில் சிக்காது, விரால் கடிச்சா மட்டும் முள் வெளியே வரும்.

புகையோட விளையாடாதீங்க!

உருக்கலாம், எரிக்கக் கூடாது. பி.வி.சி. கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். கண், தொண்டை, நுரையீரல்னு எதையும் விடாது. அதனால நேரடியாத் தீயில் காட்டாதீங்க. ஜன்னல் சாத்தின ஹாஸ்டல் ரூம் வேண்டவே வேண்டாம், காத்தோட்டமான மொட்டை மாடிதான் சரி. சமையல் பாத்திரத்தில் உருக்கிட்டு அதிலேயே மேகி கிண்டுற வேலையும் வேண்டாம்!

வைகைக்கு வந்த பிளாஸ்டிக்!

எதுக்கு இவ்வளவு மெனக்கெடணும்னு கேக்கறீங்களா? காசு மிச்சம்கிறது பாதிக் காரணம்தான். தண்ணியில் விட்ட பிளாஸ்டிக் புழு மக்காது. ஊறி உப்பும். அதை மீன் முழுங்கினால் செரிக்காமல் வயித்திலேயே தங்கும். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் 2013-ல் ரப்பர் லூர்களுக்குத் தடை போடணும்னு சட்டசபையில் மசோதாவே வந்தது.

நம்ம ஊர் கதை இன்னும் நெருக்கம். 1895-ல் பென்னிகுக் கட்டி முடிச்ச அணையில் இருந்து மலையைக் குடைஞ்சு வர்ற பெரியாறு தண்ணி, கம்பம் பள்ளத்தாக்கு வயலை நனைச்சு, வைகையில் கலந்து, 1959-ல் திறந்த வைகை அணைக்குப் போகுது. அங்கிருந்து மதுரைக்குக் குடிதண்ணி. இங்கே நாம வீசுறது, எங்கேயோ ஒருத்தர் குடிக்கிற தண்ணியில்!

அதனால பையில் ஒரு காலி பாட்டில் இருக்கட்டும். கிழிஞ்சது, அறுந்த நரம்பு எல்லாம் அதுக்குள்ள. ரிப்பேருக்குத் தேறுறது தேறட்டும், தேறாதது குப்பைத்தொட்டிக்கு.

இன்னும் ரெண்டு விஷயம். அணையிலும் கண்மாயிலும் மீன்பிடி உரிமை யாரிடம் இருக்குன்னு கேட்டு, அனுமதி வாங்கிட்டே தூண்டில் போடுங்க. செம்மஞ்சள் குஞ்சுக் கூட்டம் மேலே மிதந்தா, கீழே தாயோ தகப்பனோ காவல் நிக்கும். அந்த விராலை மட்டும் விட்டுடுங்க. அதைப் பிடிச்சா அத்தனை குஞ்சும் அனாதை!

அடுத்த சனிக்கிழமை... அதே கண்மாய், அதே விரால். தவளைக்கு மட்டும் புதுசாக் கால் முளைச்சிருக்கு. வீசுங்க பாஸ்!