ஆற்றலும் அளவும்: கார் எஞ்சினுக்கு வலுவூட்டும் இரு வழிகள்

திருக்குறளில் வலியறிதல் என்றோர் அதிகாரம் உண்டு. வண்டியின் அச்சைச் சான்று காட்டும் குறளும் அதிலேயே இடம்பெற்றுள்ளது. தம் கார் எஞ்சினுக்கு வலுவூட்ட விரும்புவோர் முதற்கண் எண்ண வேண்டுவதும் இவ்வலியறிதலேயாம்.

அதற்குரிய வழிகள் இரண்டு. ஒன்று, எஞ்சினைத் திறவாமலே காற்று வடிகட்டி, புகைக்குழாய், சைலன்சர் முதலிய வெளியுறுப்புகளை மாற்றிப் பூட்டுதல். மற்றொன்று, டர்போ அல்லது சூப்பர்சார்ஜர் கொண்டு காற்றை அழுத்தி உட்செலுத்துதல். இவற்றுள் எதனைத் தேர்வது என்பதை ஈண்டுக் காண்போம்.

எஞ்சினின் ஆற்றல் பெட்ரோலால் மட்டும் அமைவதன்று. ஒரு கிலோ பெட்ரோல் முற்றும் எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். பெட்ரோலை மிகுதியாகப் பாய்ச்சுதல் எளிது. அதற்கீடான காற்றைப் புகுத்துவதே அரிது.

1989-இல் அறிமுகமான மாஸ்டா எம்.எக்ஸ்-5 காரைச் சான்றாகக் கொள்வோம். அதன் 1.6 லிட்டர் எஞ்சின் ஏறத்தாழ 115 குதிரைத்திறன் உடையது. வெளியுறுப்புகளை மாற்றினால் காற்றின் வழியில் உள்ள தடை குறையும். ஆயினும் காற்றை உள்ளே தள்ளுவது இயற்கையான வளிமண்டல அழுத்தமே; கடல்மட்டத்தில் அது சதுர அங்குலத்திற்கு 14.7 பவுண்டு. ஆதலின் கிடைக்கும் பயன் சில குதிரைத்திறனே. ஒலி மாறுவதைச் செவி உணரும் அளவிற்கு வேகம் மாறுவதைச் சக்கரம் உணராது.

அதே எஞ்சினில் 6 பவுண்டு அழுத்தத்தைக் கூட்டினால் மொத்தம் 20.7 பவுண்டு ஆகிறது, அஃதாவது 1.4 மடங்கு. கணக்கின்படி ஆற்றலும் ஏறத்தாழ அவ்வளவு உயர வேண்டும். ஆனால், அழுத்திய காற்று சூடேறும். சூடேறிய காற்றின் அடர்த்தி குறையும். எனவே கணக்கிற்கும் நடைமுறைக்கும் சிறிது இடைவெளி உண்டு.

இச்சூட்டினால் வேறொரு தீங்கும் உண்டு. எரிபொருட்கலவை உரிய முறையிலன்றித் தானே வெடித்தெரியும். இதனையே நாக்கிங் என்பர். அது நீடித்தால் பிஸ்டன் உடையும். காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், மிகுதியான பெட்ரோல், திருத்தியமைத்த தீப்பொறி நேரம் ஆகியன இன்றி டர்போவை மட்டும் பூட்டுதல் தகாது.

அமெரிக்காவில் 1962-இல் வெளிவந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்பயர் இதற்கொரு படிப்பினை. நாக்கிங்கைத் தடுக்க நீரும் மெத்தனாலும் கலந்த நீர்மம் அதில் பீய்ச்சப்பட்டது. உரிமையாளர் பலர் அதனை நிரப்ப மறந்தனர், காரும் சோர்ந்தது. பின்னாளில் பல கார்களிலிருந்து டர்போவே கழற்றப்பட்டுச் சாதாரண கார்புரேட்டர் பூட்டப்பட்டது. பொறி நன்றாயினும் பேணுவோர் இல்லையேல் பயனில்லை என்பது இதனால் விளங்கும்.

இனி, முடிவு செய்யும் முறை யாது? முதலில் சிலிண்டர்களின் கம்ப்ரஷனைச் சோதிக்க வேண்டும். தேய்ந்த எஞ்சினாயின் பழுது நீக்குவதே முதற்பணி. எஞ்சின் நன்னிலையில் இருந்து, சிறு மாற்றமும் இனிய ஒலியும் போதுமெனின் முதல் வழி ஏற்றது. ஒவ்வொன்றாகச் செய்யலாம், வேண்டாவெனில் கழற்றியும் விடலாம். பேராற்றலே நோக்கமெனின் சிறு உறுப்புகளில் பணத்தைச் சிதறவிடாது சேர்த்து வைத்தல் நன்று. டர்போவிற்குத் தனி மேனிபோல்டு வேண்டுமாதலின், முன்னர் விலை கொடுத்து மாற்றிய மேனிபோல்டு பெரும்பாலும் வீணாகும். பெல்ட்டால் சுழலும் சூப்பர்சார்ஜராயின் அதனைப் பொதுவாக அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

எவ்வழியாயினும் கிளட்ச், ரேடியேட்டர், பிரேக் ஆகியவற்றின் வலிமையையும் உடன் நோக்க வேண்டும். எஞ்சின் கெட்டால் பொருள் அழியும். பிரேக் போதாதாயின் உயிரே அழியும். ஆதலின் ஆற்றலைக் கூட்டுமுன் அதனைத் தாங்கும் உறுப்புகளைச் செம்மை செய்தல் வேண்டும் என்பதே நம் கருத்து.